கூரை குப்பையான கதை

டாலஸ் நகரத்துக்கு வடக்கே ஃப்ரிஸ்கோ, பிளேனோ பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஏப்ரல், மே வந்தால் ஆலங்கட்டி மழைக் கவலை வந்துவிடும். எலுமிச்சம்பழம் அளவுக்கு விழும் கட்டி கார் கண்ணாடியை உடைத்தால் உடனே தெரிந்துவிடும். கூரையைக் குதறியிருப்பது, இன்சூரன்ஸ்காரர் ஏணி போட்டு ஏறினால்தான் தெரியும். அவர் தலையாட்டிவிட்டுப் போன சில வாரங்களில், ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் வாசலில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து நிற்கும். டிரைவர் இறங்கியதும் முதல் வேலையாகக் கார் நிறுத்தும் சிமென்ட் தளத்தில் நாலைந்து மரப்பலகைகளைப் பரப்புவார். தளம் கீறிவிடக் கூடாது அல்லவா? பிறகு லாரியின் முதுகு மெல்லச் சாய்ந்து எழும். கம்பிவடத்தில் கட்டிய இரும்புப் பெட்டி ஒன்று தன் உருளைகளின் மேல் கடகடவென்று இறங்கிப் பலகையில் வந்து உட்காரும். நீளம் 22 அடி, அகலம் எட்டடி. மேலே மூடி கிடையாது. இதுதான் டம்ப்ஸ்டர்.

பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே ஏறிய ஆட்கள் மண்வெட்டி மாதிரி ஒரு கருவியால், ஷிங்கிள் எனப்படும் பழைய கூரைத் துண்டுகளைப் பெயர்த்துப் பெட்டிக்குள் சரித்துக்கொண்டே இருப்பார்கள். மத்தியானத்துக்குள் வீடு மொட்டையாகிவிடும். அம்மா கேட்பார்.

“ஏம்ப்பா, இவ்வளவையும் பிரிச்சு எடுத்துட்டாங்களே, எவ்வளவுக்குப்பா வெலை போகும்?”

“வெலை போகாதும்மா. நாமதான் காசு குடுக்கணும். அந்தத் தொட்டிக்கே வாடகை இருக்கு.”

“குப்பைத் தொட்டிக்கா வாடகை!”

மகனுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சரித்திரம் அம்மா பக்கம்தான் இருக்கிறது. மனிதன் கூரை வேயத் தொடங்கிய நாளிலிருந்து ஏறக்குறைய நேற்றுவரை, பிரித்த கூரை என்றால் கைக்குக் காசு என்றுதான் அர்த்தம். அந்தக் காசு எப்போது திசை மாறியது என்பதுதான் அந்த இரும்புப் பெட்டியின் கதை.

ரோமிலிருந்து ஆரம்பிக்கலாம். ஸ்பெயினின் தெற்கே ஒசூனா என்றொரு ஊர். ஜூலியஸ் சீசர் அங்கே தன் ஆட்களைக் குடியேற்ற ஏற்பாடு செய்தார். கி.மு. 44ல் அந்தக் குடியேற்றத்துக்கென்று எழுதிய சட்டம் வெண்கலத் தகடுகளில் பொறிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் மண்ணிலிருந்து கிடைத்த அந்தத் தகடுகள் இப்போது மாட்ரிட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் ஒரு விதி: ஊருக்குள் யாரும் ஒரு கட்டடத்தின் கூரையைப் பிரிக்கக் கூடாது, இடிக்கக் கூடாது. திரும்பக் கட்டித் தருவேன் என்று ஜாமீன் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நகரசபை அனுமதிக்க வேண்டும். மீறினால் அந்தக் கட்டடத்தின் மதிப்புக்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். விதியின் முதல் வினைச்சொல்லே ‘கூரை பிரித்தல்’தான், இடிப்பதெல்லாம் அதற்கு அப்புறம். ஓட்டையும் உத்தரத்தையும் கழற்றி விற்றுவிட்டு வெறும் சுவரை விட்டுப் போகிறவர்கள் இருந்திருந்தால்தானே இப்படியொரு சட்டத்தை வெண்கலத்தில் வெட்டியிருப்பார்கள்? அன்றைக்கு நகரசபையின் கவலை, கழித்த கூரையை எங்கே கொட்டுவது என்பதல்ல. யாராவது கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே என்பதுதான்.

ஒன்றரை ஆயிரம் ஆண்டு கழித்து இங்கிலாந்தில் ஓர் அரசரே அந்த வேலையைச் செய்தார். எட்டாம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் நடுவில் மடாலயங்களைக் கலைத்தபோது, அவருடைய அதிகாரிகள் முதலில் கைவைத்த இடங்களில் ஒன்று கூரை. மேலே போர்த்தியிருந்தது ஈயத் தகடு. அதை உரித்து, அங்கேயே உருக்கிக் கட்டியாக்கினார்கள். உருக்குவதற்கு விறகு? மடாலயத்தின் மரவேலைப்பாடுகளே விறகாயின. கூரை போன கட்டடத்தை மழையும் பனியும் பார்த்துக்கொண்டன. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் மொட்டைச் சுவர்களில் பல, ஈயத்துக்காகக் கூரை இழந்தவைதான்.

பணக்காரக் கூரைதான் அப்படி, ஏழையின் ஓலைக்கூரைக்கு என்ன விலை என்று கேட்கலாம். ஸ்காட்லாந்தின் மேற்கே லூயிஸ் தீவில் கருப்பு வீடு என்று ஒருவகை உண்டு. புகைபோக்கி கிடையாது. நடுவீட்டில் எரியும் கரிமண் நெருப்பின் புகை, கூரை வைக்கோலில் ஏறி அப்பிக்கொள்ளும். அந்தக் கரியேறிய வைக்கோலைப் பிரித்து வயலுக்கு எருவாகப் போட்டார்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூரையிலிருந்தும் வேலியிலிருந்தும் பிரித்த பழைய பனையோலையைத் தோட்டத்து மண்ணில் தாழ்ப்பது அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை. கூரை மக்கி மரவள்ளியாகும், மிளகாயாகும். குப்பை என்ற சொல்லுக்கே நம் கிராமங்களில் எரு என்றுதானே பொருள்? வயலுக்குக் குப்பை அடிப்பது என்கிறோம்.

காசு முதலில் தடுமாறிய இடம் என்று நான் நினைப்பது லண்டன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் வீடுகளின் முக்கியமான கழிவு நிலக்கரிச் சாம்பல். அதை அள்ளிப்போக ஒப்பந்ததாரர்கள் போட்டி போட்டார்கள். போட்டி என்றால், எனக்கு இவ்வளவு கூலி கொடு என்ற போட்டி அல்ல. இந்தக் குப்பையை எனக்கே கொடு, நான் உனக்கு இவ்வளவு தருகிறேன் என்ற போட்டி. நகரத்து ஓரத்துக் களங்களில் மலையாகக் குவித்து, இடுப்பளவு சாம்பலில் நின்று பெண்கள் சலித்தார்கள். நைசான சாம்பல் செங்கல் மண்ணோடு கலந்தது. எரியாத கரித்துண்டு செங்கல் சூளைக்கு எரிபொருளானது. எலும்பு, கந்தல், இரும்பு எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள். லண்டன் எரித்த கரி, லண்டன் கட்டும் செங்கலாகத் திரும்பி வந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் தம் ‘அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்’ நாவலில் ஒரு பரம்பரைச் சொத்தையே குப்பைமேடாகப் படைத்தார் என்றால், அவர் காலத்து வாசகர்களுக்கு அது விநோதமாகவே பட்டிருக்காது.

ஆனால் நகரம் வீங்கியது, சாம்பலும் வீங்கியது. நூற்றாண்டின் நடுவில் ஹென்றி மேஹியூ லண்டன் தெருத்தொழில்களைப் பற்றி எழுதும்போது விவகாரம் தலைகீழாகிக்கொண்டிருந்தது. முன்பு பணம் கொடுத்துக் குப்பை அள்ளிய ஒப்பந்ததாரர் இப்போது பணம் வாங்கிக்கொண்டு அள்ளினார். அதே சாம்பல், அதே வண்டி, அதே ஆள். காசு மட்டும் எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டது.

தொட்டி வந்தது பிரான்ஸிலிருந்து. யூஜீன் பூபெல் சட்டப் பேராசிரியராக இருந்து நிர்வாகத்துக்கு வந்தவர். பாரிஸ் அடங்கிய சேன் பகுதியின் ஆட்சியராக அவர் 1883ல் போட்ட உத்தரவு: வீட்டுக்காரர்கள் குப்பையைத் தெருவில் கொட்டக் கூடாது, மூடியுள்ள தொட்டியில் வைக்க வேண்டும். அதுவும் ஒன்றல்ல, மூன்று. அழுகுவதற்கு ஒன்று, தாளுக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று. தரம் பிரித்துக் கொடுங்கள் என்று நம்மூர் மாநகராட்சிகள் இன்று தொண்டை வறளக் கத்துவதை அவர் நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பே சட்டமாக்கிவிட்டார். வீட்டுச் சொந்தக்காரர்கள் செலவென்று முணுமுணுத்தார்கள். தெருவோரக் குவியலைக் கிளறிப் பிழைத்த கந்தல் பொறுக்கிகள் வயிற்றில் அடிக்கிறாயே என்று கொதித்தார்கள். பத்திரிகைகள் எரிச்சலில் அந்தப் பெட்டிக்கு அவர் பெயரையே வைத்தன. கேலிப் பெயர் தங்கிவிட்டது. இன்றும் பிரெஞ்சில் குப்பைத் தொட்டி என்றால் ‘பூபெல்’. புதுச்சேரியில் பிரெஞ்சு பேசும் வீடுகளிலும் அதே சொல்தான்.

ஒரு மனிதரின் பெயர் குப்பைத் தொட்டியாவது ஒருமுறை நடந்தால் விபத்து எனலாம். அடுத்த ஐம்பது ஆண்டில் அது இன்னொரு முறை நடந்தது. அதற்கு முன் கூரையே வேறு பொருளாக மாறியாக வேண்டும்.

அமெரிக்க வீடுகளின் பழைய கூரை பெரும்பாலும் மரச்சில்லு. அழகானது, மலிவானது, தீப்பொறி விழுந்தால் தீக்குச்சியாகிவிடும். 1871ல் சிகாகோ எரிந்தபோது அதைத் தெருத்தெருவாகப் பார்த்தார்கள். மிஷிகன் மாநிலத்து கிராண்ட் ரேபிட்ஸில் கூரைத்தொழில் செய்த ஹென்றி ரெனால்ட்ஸ் 1903ல் ஒரு சின்னக் காரியம் செய்தார். தாரில் தோய்த்த கனத்த அட்டையைப் பாயாகச் சுருட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். அதன் மேல் கல்பொடி தூவியிருக்கும். அவர் அந்தப் பாயை மரச்சில்லு அளவுக்குத் துண்டுதுண்டாக வெட்டினார். அவ்வளவுதான். வெட்டிய துண்டை வரிசையாக அடுக்கினால் தூரத்துப் பார்வைக்கு மரக்கூரை, ஓட்டுக்கூரை மாதிரியே இருந்தது. போலி என்று சொல்லத்தக்க பொருள்தான். ஆனால் தீப்பிடிப்பது குறைவு. தீ இன்சூரன்ஸ் கம்பெனிகள் மரக்கூரைக்கு எதிராகப் பிரசாரம் செய்யச் செய்ய, பெட்ரோல் சுத்திகரிப்பில் மிஞ்சும் தார் பெருகப் பெருக, அந்தப் போலி அசலைத் துரத்திவிட்டது.

இந்த ஷிங்கிளுக்கு இருபது இருபத்தைந்து வருட ஆயுசு. ஆலங்கட்டி மழை ஊர்களில் அதுகூடக் கிடையாது. பிரித்தால் மறுபடி வேய முடியாது. உருக்கினால் ஈயம் வராது. வயலில் தாழ்த்தினால் மக்காது. அடுப்பில் வைத்தால் தெருவே இருமும். எத்தனையோ நூற்றாண்டாகக் கைமாற்றிக்கொண்டிருந்த கூரை, முதன்முதலாக எவருக்கும் வேண்டாத பொருளானது. அதோடு எடை. நம் கொத்தனார் சதுரம் என்று சொல்லும் அதே கணக்கு, நூறு சதுர அடி, அமெரிக்கக் கூரைக்காரர்களுக்கும் உண்டு. அவர்களும் அதை ஸ்கொயர் என்றே சொல்கிறார்கள். சாதாரண ஷிங்கிள் ஒரு சதுரத்துக்கு நூறு கிலோவைத் தாண்டும். 25 சதுரக் கூரையைப் பிரித்தால் ஏறக்குறைய இரண்டரை டன். முன்னொரு தடவை பிரிக்கச் சோம்பல்பட்டு பழையதன் மேலேயே புதியதைப் போர்த்தியிருந்தால், ஐந்து டன்.

இரண்டரை டன்னை யார் சுமப்பது? இந்தக் கேள்விக்கு விடை பனாமாவில் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் 1880களில் பனாமா கால்வாயைத் தோண்டித் தோற்றார்கள். காய்ச்சலால் தோற்றார்கள், பணத்தால் தோற்றார்கள், தோண்டிய மண்ணை அப்புறப்படுத்த முடியாமலும் தோற்றார்கள். 1905ல் அமெரிக்கர்களின் தலைமைப் பொறியாளராக வந்த ஜான் ஸ்டீவன்ஸ் ரயில்வேக்காரர். அவர் கண்ணுக்கு மலை பட்டதைவிட மண் போகும் வழிதான் பட்டது. தோண்டுகிற இயந்திரம் காலி வண்டிக்காகக் காத்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம் என்பது அவர் கணக்கு. ஆகவே முதலில் தண்டவாளம் போட்டார். நீராவி மண்வாரி அள்ள அள்ள, ரயில் வந்து வந்து வாங்கிக்கொண்டு போனது. கொட்டும் இடத்தில் ரயிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கம்பிவடத்தால் ஒரு பெரிய கலப்பையை இழுத்து, மொத்த ரயிலையும் சில நிமிடத்தில் துடைத்துக் காலி செய்தார்கள்.

அந்தக் கால்வாய் வேலையில் நீராவி மண்வாரி ஓட்டிய இளைஞர்களில் ஒருவர் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லைச் சேர்ந்த ஜார்ஜ் டெம்ப்ஸ்டர். 1887ல் பிறந்தவர். ஊர் திரும்பி, சகோதரர்களோடு கட்டுமான ஒப்பந்தம் எடுத்தார். சாலை, ரயில்பாதை, அணை. எல்லா வேலையிலும் அதே தலைவலி: லாரி நிற்கிறது, ஆட்கள் நிரப்புகிறார்கள், டிரைவர் பீடி பிடிக்கிறார். லாரியில் விலையுயர்ந்த பகுதி இன்ஜின். அது ஏன் மண் நிரம்பும்வரை சும்மா நிற்க வேண்டும்? பெட்டி நிற்கட்டும், லாரி ஓடட்டும். எனக்கென்னவோ, இந்த எண்ணத்தின் விதை பனாமாவில்தான் விழுந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இதே எண்ணம் கடல் தாண்டி வேறொரு இடத்திலும் முளைத்திருந்தது. இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரசபை குதிரை வண்டியை விட்டு லாரிக்கு மாறியதும் குப்பை வாரும் செலவு ஏறிவிட்டது. வாசல் வாசலாக நிற்க குதிரைக்கு ஒன்றும் செலவில்லை, லாரிக்கு உண்டு. எட்வின் வாக்கர் என்ற பொறியாளர் 1922ல் சமரசம் கண்டுபிடித்தார். சக்கரம் வைத்த பெட்டியைக் குதிரை இழுத்துத் தெருத்தெருவாக நிரப்பும். நிரம்பியதும் லாரி வந்து பெட்டியைத் தன்மேல் இழுத்து ஏற்றிக்கொண்டு பறக்கும். குதிரைக்கும் இன்ஜினுக்கும் நடந்த சம்பந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். நீடிக்கவில்லை. குதிரை போய்விட்டது, பெட்டி நின்றுவிட்டது.

டெம்ப்ஸ்டர் சகோதரர்கள் 1935ல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டில் குதிரை இல்லை. லாரியின் பின்னால் இரண்டு இரும்புக் கைகள், சங்கிலி, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தூக்கி. பெட்டியை நோக்கி லாரி பின்னால் வரும், கைகள் பெட்டியைத் தூக்கி முதுகில் வைக்கும், கொட்டும் இடத்தில் பெட்டியின் அடிப்பக்கம் திறந்துகொள்ளும். ஒரு டிரைவர் போதும். கொட்டுவது என்பதற்கான ‘டம்ப்’ என்ற சொல்லைத் தங்கள் குடும்பப் பெயரோடு முடிச்சுப் போட்டு ‘டெம்ப்ஸ்டர் டம்ப்ஸ்டர்’ என்று பெயர் வைத்தார்கள். பூபெல் மேல் பெயரை அடுத்தவர் ஒட்டினார்கள். டெம்ப்ஸ்டர் தன் பெயரைத் தானே ஒட்டிக்கொண்டார். அந்தக் குடும்பப் பெயரின் பூர்வீகம் ஸ்காட்லாந்து. பழைய ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் தீர்ப்பை வாசித்துச் சொல்லும் அதிகாரிக்கு டெம்ப்ஸ்டர் என்று பெயர். பக்கத்து மேன் தீவில் நீதிபதிகளை இன்றும் ஏறத்தாழ இதே சொல்லால்தான் அழைக்கிறார்கள். ஆக, பிரெஞ்சுக் குப்பைத் தொட்டி சட்டப் பேராசிரியர், அமெரிக்கக் குப்பைத் தொட்டி நீதிமான்.

பாறைக்கும் மண்ணுக்கும் செய்த பெட்டி, ஊர்க்குப்பைக்கும் பொருந்தும் என்பது சீக்கிரமே புரிந்தது. ஐம்பதுகளில் அதே கம்பெனி, முன்பக்கத்துக் கைகளால் தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்க்கும் லாரியையும் கொண்டுவந்தது. மதுரையிலும் கோவையிலும் இயந்திரக் கையால் தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும் வண்டிகளைப் பார்க்கிறோமே, அவற்றின் தாத்தா என்று அதைச் சொல்லலாம். டெம்ப்ஸ்டர் அந்தக் காலத்தில் நாக்ஸ்வில்லின் மேயராகவும் இருந்தார். மால்கம் மெக்லீன் கப்பல் கன்டெய்னரைக் கடலில் விட்டது 1956ல். பெட்டியைப் பிரிக்காதே, பெட்டியோடு தூக்கு என்று உலக வாணிகத்தைப் புரட்டிப்போட்ட அந்த யோசனைக்கு இருபது வருடம் முன்பே, குப்பை அந்த வழியில் போய்க்கொண்டிருந்தது.

பிறகு எல்லோரும் காப்பியடித்தார்கள். கையால் தூக்காமல் கம்பிவடத்தால் உருட்டி இறக்குவது ஒருவகை, கொக்கி போட்டு இழுப்பது இன்னொருவகை. நம் ஃப்ரிஸ்கோ வாசலில் வந்து உட்கார்ந்தது உருட்டி இறக்கும் வகை. கனடாவில் ஸ்கார்பரோ தமிழர்கள் இதையே ‘பின்’ என்பார்கள். பிரிட்டனில் ‘ஸ்கிப்’. அதன் மூலம் கூடையைக் குறிக்கும் பழைய சொல். சுரங்கத்தில் கரி ஏற்றிய கூடை, தெருவுக்கு வந்து இரும்பானது. அங்கே தெருவில் ஸ்கிப்பை நிறுத்த 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி அனுமதி வேண்டும், இரவில் விளக்கு வைக்க வேண்டும். விளக்கு எரிந்தாலும் விடிவதற்குள் பக்கத்துவீட்டு மெத்தை ஒன்று அதற்குள் வந்துவிடும் என்பது பிரிட்டிஷ்காரர்களின் நிரந்தர நகைச்சுவை.

வாடகை ஏன் இவ்வளவு? பெட்டிக்கு மட்டும் என்றால் இத்தனை ஆகாது. அமெரிக்காவில் 1976ல் வந்த சட்டம் திறந்தவெளிக் குப்பைமேடுகளை மூடச் சொன்னது. ஊருக்கு வெளியே பள்ளத்தில் தள்ளிவிட்டு வரும் காலம் முடிந்தது. அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, கசிவைப் பிடித்து, முறைப்படி நிரப்பும் கிடங்குக்குத்தான் போக வேண்டும். அங்கே வாசலிலேயே எடைமேடை, டன்னுக்கு இவ்வளவு என்று கட்டணம். பெட்டியை வாடகைக்கு விடுபவர் சொல்லும் தொகைக்குள் பெட்டி, லாரி, ஏழோ பத்தோ நாள், குறிப்பிட்ட டன் எல்லாம் அடக்கம். டன் தாண்டினால் தனி. ஷிங்கிள் விஷயத்தில் பெரிய பெட்டி கேட்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். 40 கன கஜப் பெட்டி நிறையத் தார் அட்டையை நிரப்பினால் லாரியால் சட்டப்படி தூக்கவே முடியாது. அதனால்தான் கூரைக்கு 10, 20 கன கஜத்தோடு நிறுத்திவிடுவார்கள். பெட்டியின் விளிம்புக்கு மேல் குவிக்கவும் கூடாது. தார்ப்பாய் மூட முடியாமல் போனால் டிரைவர் கைவிரித்துவிடுவார்.

இப்படி அமெரிக்கா முழுக்கக் கட்டுவதிலும் இடிப்பதிலும் சேர்ந்த கழிவு 2018ல் மட்டும் 60 கோடி டன் என்கிறது அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. வீட்டுக் குப்பையைப் போல இரண்டு மடங்கு. அதில் ஷிங்கிள் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டன்.

டம்ப்ஸ்டர் என்ற பெயருக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஒரு கம்பெனியின் வணிகப்பெயர் என்பதையே ஊர் மறந்துவிட்டது. நாம் எந்தக் கம்பெனி நகலானாலும் ஜெராக்ஸ் என்பதுபோல. 2013ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இனி அதைச் சின்ன எழுத்தில் எழுதினால் போதும் என்று தன் நிருபர்களுக்குச் சொல்லிவிட்டது. அந்தப் பெயருக்குக் கடைசிவரை மரியாதை கொடுத்தவர் யார் தெரியுமா? லார்ஸ் ஐனர். டெக்ஸாஸின் ஆஸ்டினில் வீடிழந்து, தன் நாய் லிஸ்பெத்தோடு டம்ப்ஸ்டர்களில் கிடைத்ததைத் தின்று வாழ்ந்தவர். அந்த வாழ்க்கையை எழுதிய அவருடைய புத்தகம் 1993ல் வந்தது. அந்தச் சொல்லின் பூர்வீகத்தை அகராதிக்காரர்களுக்கே கடிதம் போட்டுக் கேட்டு, அது ஒரு கம்பெனியின் உடைமை என்று தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து தவறாமல் பெரிய எழுத்தில் எழுதினார். வயிற்றுக்காகத் தொட்டிக்குள் இறங்கிய மனிதர், அடுத்தவர் வணிகப்பெயரைத் திருடவில்லை.

பெட்டியும் காசும் சேர்ந்து சென்னைக்கு வந்தது 2000ஆம் ஆண்டில். மாநகரின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை, பிரெஞ்சுக் குழுமம் ஒன்றின் பிரிவான ஓனிக்ஸுக்குப் போனது. பூபெல் பிறந்த நாட்டுக் கம்பெனி, டன் கணக்கில் கூலி. குப்பை வண்டியையே ஓனிக்ஸ் என்று சொன்ன வீடுகள் உண்டு. 2007ல் அடுத்து வந்த கம்பெனியில் கொலம்பியாக்காரர்கள் கூட்டாளி. தேனாம்பேட்டைத் தொட்டிக்குள் பாரிஸும் தென் அமெரிக்காவும் எட்டிப்பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன.

ஆனால் கட்டட இடிபாட்டில் மட்டும் நம்மூர் இன்னும் அம்மா கட்சிதான். சென்னையில் பழைய வீட்டை இடிக்க வருகிறவர் தேக்கு நிலை, ஜன்னல் கம்பி, மங்களூர் ஓடு எல்லாம் எண்ணிப் பார்த்து, பல சமயம் வீட்டுக்காரருக்கே பணம் கொடுத்துவிட்டுத்தான் கடப்பாரையைத் தூக்குவார். காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. விற்காமல் மிஞ்சும் உடைசலுக்கும் ஒரு பெயர் உண்டு: ரப்பிஷ். ஆங்கிலத்தில் அதற்குக் குப்பை என்று பொருள். தாம்பரம் தாண்டிப் பள்ளமான மனை வாங்கியவரைக் கேட்டுப்பாருங்கள், ரப்பிஷ் லோடு என்ன விலை என்று கணக்குச் சொல்வார். ஏரிக்கரையிலும் கால்வாயிலும் இரவோடு இரவாகக் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் 2016ல் கட்டட இடிபாட்டுக்கென்று மத்திய அரசு தனி விதிகள் போட்டது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைத்து மணலும் ஜல்லியுமாகப் பிரிக்கும் ஆலைகள் வந்திருக்கின்றன.

அமெரிக்காவிலும் காசு லேசாகத் திரும்பிப் பார்க்கிறது. பிரித்த ஷிங்கிளில் இருப்பது தாரும் கல்பொடியும். சாலைக்கு வேண்டியதும் அதேதான். ஆணியைக் காந்தத்தால் பிரித்து, அட்டையைப் பொடியாக்கி, சாலைக் கலவையில் 5 சதவீதம்வரை சேர்க்கப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. அம்மா அடுத்த தடவை கேட்டால், விலைக்குப் போகாதும்மா, ஆனா ரோடா போகும் என்று சொல்லலாம்.

கூரை மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை டன் வரை வாடகைக்குள் அடக்கம் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலகை போடாமல் பெட்டியை இறக்க விடாதீர்கள். ஒரு ஷிங்கிளுக்கு நாலு ஆணி என்று கணக்குப் போட்டாலே 25 சதுரக் கூரையில் எட்டாயிரம் ஆணி இருக்கும், எல்லாமே பெட்டிக்குள் விழுந்திருக்காது. தொட்டி போன பிறகு உருளைக் காந்தத்தை வாசலில் ஒருமுறைக்கு இருமுறை ஓட்டச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் அம்மா வெறுங்காலோடு அங்கேதான் கோலம் போடுவார்.